சவர்க்காரத்தில் என்ன கொழுப்பு என்று கேட்டவர்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது தர்ஷினி என்றொரு பிள்ளை இருக்கிறார். சிறுகைத்தொழில் உத்தியோகத்தர். நல்ல சுறுசுறுப்பு. சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், ஈச்சிலம்பற்றிலயும் ஒரு கம்பளிப் பட்டறை துவங்கப் போறம். முதல் பட்டறை மூதூர்ப் பக்கத்தில நீங்கள் துவங்கினதுதானே. எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு நாலு பக்கம் எழுதித் தருவீங்களோ?"

ஓய்வு பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். மேசை எத்தனை அடி, அடுப்பு எந்தப் பக்கம், நுரைத் தண்ணீர் எங்கே போக வேண்டும், எல்லாம் எழுதி அனுப்பியாயிற்று. இது அந்த நாலு பக்கமல்ல. அதில் நான் எழுதாமல் விட்டது. நஸீரா என்ற பெண்ணுக்கு நான் செய்த அநியாயத்தைப் பற்றியது.

முப்பத்தொரு வருட உத்தியோகம். பனையோலை, பன்புல், தும்பு, பற்றிக் துணி, மெழுகுதிரி என்று திணைக்களம் எதைத் தந்தாலும் ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டு ஏழாவது வாரம் கற்றுக்கொடுத்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை. நேற்றுக் கற்றதை முப்பது வருடமாகச் செய்கிறவள் போலச் சொல்லுகிற வாய் எனக்கு. பயிற்றுவிப்பவள் தடுமாறினால் படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். என் மேலதிகாரி அப்படி நினைக்கவில்லை.

அவர் குலநாயகம் சேர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் வெட்டிய காகிதத் துண்டுகள் இருக்கும். யாராவது ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டால், "தெரியாது" என்பார். அமைச்சர் கேட்டாலும் அதே பதில்தான், மீன் விற்க வந்தவர் கேட்டாலும் அதேதான். பிறகு ஒரு துண்டில் கேள்வியை எழுதி, கேட்டவரின் பெயரையும் கீழே எழுதி, பையில் வைப்பார். பதில் கிடைக்கும்வரை துண்டு பையில் இருக்கும். சலவைக்குப் போன சட்டையோடு ஒரு துண்டு போய்விட்டதென்று சலவைக்காரர் வீடு வரை நடந்தவர் அவர். நாங்கள் இளையவர்கள் கொடுப்புக்குள் சிரிப்போம். "தெரியாது எண்டு சொல்லச் சம்பளம் வாங்கிற மனிசன்" என்று நானே பகிடி விட்டிருக்கிறேன்.

பட்டறைக்கு வருகிறேன். வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று பெண்களுக்கென்று கழுவிய செம்மறி மயிரும், அதைச் சீவுகிற இரண்டு கைப்பொறிகளும், ஐந்தாறு பெட்டி சவர்க்காரத் தூளும் அனுப்பியது. கம்பளி நெய்வதல்ல இது. மயிரைப் பரப்பி, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தெளித்துத் தேய்த்தால் மயிரோடு மயிர் சிக்கிக் கெட்டியான துணியாகிவிடும். ஃபெல்ட் என்பார்கள். கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி. திரும்பி வந்தபோது அலுவலகத்தில் பகிடிதான். "திருகோணமலை வெயிலுக்குக் கம்பளியோ மிஸ்? ஆருக்கு இஞ்ச குளிருது?"

மூதூருக்குத் தெற்கே பாவிக்காமல் கிடந்த ஒரு களஞ்சியக் கட்டடம் கிடைத்தது. கரப்பான்பூச்சிகளை விரட்டி, சுண்ணாம்பு அடித்து, இடுப்பளவு உயரத்தில் இரண்டு நீள மேசை போட்டோம். மேசையின் ஒரு பக்கத்தை இரண்டு விரல் அளவு தாழ்த்தி, தண்ணீர் வடிந்து வாளிக்குள் விழச் செய்தது என் யோசனை. கொழும்பில் பாவித்த பிளாஸ்டிக் வலை இங்கே இல்லை. இலங்கைத்துறையிலிருந்து வந்த பத்மா, தன் புருஷன் பொடி இறால் பிடித்த பழைய கூனிவலையைக் கொண்டுவந்தார். அது கொழும்பு வலையைவிட நன்றாக இருந்தது. உருட்டுவதற்குப் பன்பாய். எந்த ஊர்ப் பெண்ணும் வரலாம், வாரத்தில் தன் நாளில் மேசையையும் பொறியையும் பாவிக்கலாம் என்பது ஏற்பாடு. முதல் தொகுதியில் பதினாறு பேர். மூதூர் முஸ்லிம் பெண்கள் பாதி, தமிழ்ப் பெண்கள் பாதி.

செய்முறையைச் சொல்லுகிறேன், ஏனென்றால் நஸீராவின் கை எப்படிப்பட்டதென்று அப்போதுதான் விளங்கும். சீவிய மயிரை மெல்லியதாகப் பிய்த்து ஒரு வரிசை நீளப்பாட்டுக்கு வைக்க வேண்டும். அதன்மேல் ஒரு வரிசை குறுக்குப்பாட்டுக்கு. இப்படி நாலு படை. மேலே வலை. சுடுதண்ணீர் தெளித்து, முதலில் கை இருப்பதே தெரியாமல் தடவ வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் மயிர் விலகி ஓட்டை விழும். மயிர் ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்ட வேண்டும். பிறகு பாயில் சுருட்டி, முழங்கையால் அழுத்தி உருட்டு, உருட்டு என்று உருட்ட வேண்டும். எந்த நேரத்தில் பாரம் கூட்டுவது என்பதைச் சொல்லிக் கொடுக்க ஏலாது. நஸீராவுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்கு நாலாவது வாரத்தில்தான் தெரிந்தது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர், முதுகு விழுந்து வீட்டோடு இருந்தார். மற்றப் பெண்கள் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டறையை நம்பித்தான் அவர் செய்துவந்த சின்னத் தையல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

இரண்டாவது வாரம். எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். தண்ணீர் கொதித்துவிட்டது. நான் புதுப் பெட்டியை உடைத்துச் சவர்க்காரத் தூளை வாளியில் கொட்டுகிறேன். நஸீரா வெற்றுப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு மொழி.

"மிஸ், இந்தச் சவுக்காரத்துல என்ன கொழுப்புப் போட்டிருக்கு?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. கொழும்பில் ஒருவரும் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் குசினியில் மாடும் வேகும், பன்றியும் வேகும். அந்தக் கேள்வியின் பாரம் எனக்கு உறைக்கவில்லை. யோசிக்காமல் சொன்னேன்.

"தாவர எண்ணெய்தான்."

"அப்பிடிப் பொட்டியில எழுதியிருக்கா மிஸ்?"

மற்றப் பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஏன், என்ர சொல்லு காணாதோ உங்களுக்கு?"

"காணும் மிஸ். கோவிக்காதீங்க. நம்ம செய்யிற விரிப்ப ஆராச்சும் விரிச்சுத் தொழுவாங்க. ஹராமான கொழுப்பு எண்டா நான்தானே பதில் சொல்லணும்? நம்மட தேங்காயெண்ணெய்ச் சவுக்காரம் இருக்குதானே, அதப் போட்டுப் பாப்பமா?"

"அது இந்தச் சவர்த் தண்ணியில நுரைக்காது. எனக்குத் தெரியாதோ? முப்பது வருசமா இதைத்தானே செய்யிறன்."

முப்பது வருடம்! ஃபெல்ட்டைத் தொட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் சவர்த் தண்ணீரில், அந்தப் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரில், நுரைக்குமா இல்லையா என்று நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்மா எனக்குத் துணைக்கு வந்தார். "ராத்தா, மிஸ் பொய்யோ சொல்லப்போறா? வாங்கோ, தண்ணி ஆறுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நஸீரா அன்றைக்கும் மறுநாளும் ஈர வேலைக்கு வரவில்லை. பொறியில் மயிர் சீவிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார். மூன்றாம் நாள் ஏப்ரனை மடித்து என் முன்னால் வைத்தார்.

"எனக்கு மனசு ஒப்பல்ல மிஸ். மனசு ஒப்பாம கை ஓடாது."

நான் அவரைத் தடுத்திருக்கலாம். "கொஞ்சம் பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்" என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குப் பதிலாக, "விருப்பமில்லாதவையைப் பிடிச்சு வைக்க ஏலாது. உங்கட இடத்துக்கு ஆக்கள் வரிசையில நிக்கினம்" என்றேன். மறுநாளே வேறொரு பெண்ணைச் சேர்த்தேன். நான் சொன்ன சொல்லுக்கு எதிரே அவர் நின்றதைத்தான் தண்டித்தேன்.

அந்த வாரம் அலுவலகத்தில் குலநாயகம் சேரிடம் இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். "சேர், பட்டறையில ஒரு மனிசி சவர்க்காரத்துக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேக்கிறா."

அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதானே" என்றார். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எழுதி, "அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கேள்விக்குக் கீழே நஸீரா என்று எழுதிப் பையில் வைத்தார். அன்றைக்கே உதவி நிறுவனத்துக்குக் கடிதம் போனதாம்.

இரண்டு மாதம் கழித்து என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பதில் கிடந்தது. சவர்க்காரத்தில் இருப்பது கலப்பு விலங்குக் கொழுப்பு என்றும், எந்த விலங்குகள் என்பதைத் தயாரிப்பாளரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நான் வாசித்து முடித்தேன். பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"விசாரிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னனான் சேர்."

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்! அவர் தலையை ஆட்டினார். "நல்லது. இப்ப விசாரிச்சாச்சு. போய்ச் சொல்லுங்கோ. மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ, அவையும் சாமி கும்பிடுற ஆக்கள்." துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. அந்த வருடமே ஓய்வு பெற்று மகளிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நான் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்லவில்லை. கடிதத்தைக் கோப்பின் அடியில் வைத்து அலுமாரியில் பூட்டினேன். சொல்லிவிட்டால் பட்டறையே கலைந்துவிடும், இரண்டு சமூகத்துப் பெண்களும் ஒரே மேசையில் நிற்பது பெரிய காரியம், ஒரு கடிதத்துக்காக அதைக் கெடுப்பதா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பட்டறை கலையும் என்பதல்ல என் பயம். என் மரியாதை போய்விடும் என்பதுதான்.

அடுத்த நாள் கடையில் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் வாங்கிச் சீவிக் கரைத்தேன். நுரை வாளியை மீறி வழிந்தது. சவர்த் தண்ணீருக்கு அதைப்போல ஒன்றில்லையாம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"ஏன் மிஸ் மாத்தினீங்கள்?" என்று பத்மா கேட்டார்.

"வெளிநாட்டில இருந்து வாறது நிண்டுபோச்சு."

மிஞ்சியிருந்த பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வருடம் யன்னல் சீலை தோய்த்தேன். ஆனால் அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் செய்த விரிப்புகளை என்ன செய்வது? ஃபெல்ட் தடிப்பு, முழங்காலுக்கு நல்லது. மூதூர்ப் பெண்கள் நாலைந்து பேர் நோன்புக்கென்று ஆளுக்கொரு தொழுகை விரிப்புச் செய்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பத்மா சாமியறைக்கு ஒன்று செய்திருந்தார். அவையெல்லாம் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கலாம். அந்தச் சோற்றை ஒவ்வொரு நாளும் நாம்தான் தின்ன வேண்டும்.

நஸீராவைத் திரும்பக் கூப்பிடவும் முடியவில்லை. "இப்ப சவர்க்காரம் மாத்திட்டம், வாங்கோ" என்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பாரே. இதற்கிடையில் அவருக்கு ஒரு பேரும் வந்துவிட்டது. சவுக்கார ராத்தா. யாராவது எதையாவது இரண்டாம் தரம் கேட்டால், "நீயும் சவுக்கார ராத்தா மாதிரித் துவங்காத" என்பார்கள். பேர் வைத்தது பத்மா. மூதூர்ச் சந்தை வரைக்கும் அது போனது. நான் ஒருநாளும் அதை நிறுத்தவில்லை. அவர் இறால் உரிக்கிற கொட்டிலுக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். விடிவதற்கு முன்னிருந்து காலை பத்து மணிவரை ஐஸ் தண்ணீரில் கை வைத்திருக்க வேண்டும். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். அவர் சலாம் சொல்ல வாய் எடுத்தார். நான் கைப்பையைத் திறந்து இல்லாத ஒன்றைத் தேடினேன்.

இப்படியே வருடங்கள் போயின. விருந்து வைத்து, பொன்னாடை போர்த்தி, "சொன்ன சொல் தவறாதவர்" என்று பேசி என்னை வழியனுப்பினார்கள்.

நாலு பக்கத்தை அனுப்பி இரண்டு நாளில் தர்ஷினி மறுபடி அழைத்தார். குரல் தயங்கியது. "மிஸ், பழைய கோப்பில ஒரு கடிதம் கிடக்கு. சவர்க்காரத்தைப் பற்றி. இதை அந்த ஆக்களுக்குச் சொன்னதெண்டு ஒரு இடத்திலயும் எழுதிக் கிடக்கேல்லை. சொன்னனீங்கள்தானே?"

வாய்வரை "ஓம்" வந்தது. பழக்கதோஷம். அதை விழுங்கிவிட்டு, "இல்லை பிள்ளை" என்றேன். அந்தக் கடிதம் அவர் கையில் அகப்பட்டிராவிட்டால் நான் நஸீராவிடம் போயிருக்கமாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மூதூருக்குப் போனேன். நஸீரா அப்போதுதான் கொட்டிலிலிருந்து வந்திருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ வைத்தார். விரல் நுனிகள் வெடித்து வெளுத்திருந்தன. நான் தேநீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி, என் பதில், கடிதம், மாற்றிய சவர்க்காரம்.

"ஒங்களுக்கு இது தெரிஞ்சு எவ்வளவு காலம் மிஸ்?"

"நீங்கள் விட்டிட்டுப் போய் ரெண்டு மாசத்தில."

அவர் முந்தானையால் கையைத் துடைத்தார். ஈரம் ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"எல்லாரும் சிரிச்சாங்கதானே மிஸ். அப்ப நான் நினைச்சன், எனக்குத்தான் உள்ளம் ஊத்தையாக்கும் எண்டு. நமக்குத் தொழில் பழக்க வந்த மனிசிர சொல்ல நம்பாம விட்டுட்டனே எண்டு. அந்த வருச நோன்புல, ஒங்களச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு அல்லாஹ்க்கிட்ட மன்னிப்புக் கேட்டனான். ராவு ராவா அழுது கேட்டனான்."

காது இரண்டும் சுட்டன. அழுகை வரவில்லை. வெட்கத்துக்குக் கண்ணீர் கிடையாது என்பதை அன்றைக்கு அறிந்தேன். "மன்னியுங்கோ" என்று சொன்னேன். அந்தச் சொல் என் காதுக்கே சின்னதாகக் கேட்டது.

"தெரியாம விரிச்சுத் தொழுதவங்க மேல குற்றமில்ல" என்றார் நஸீரா. "ஆனாத் தெரியணும். அந்த விரிப்பு இன்னும் வீடுகள்ல கிடக்கும். எனக்குச் சொன்ன மாதிரி அவங்களுக்கும் போய்ச் சொல்லுங்க மிஸ். இண்டைக்கே."

"நீங்களும் வாறீங்களோ?"

"நான் என்னத்துக்கு?"

பட்டறைக்கு நடந்தேன். ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள். பழையவர்கள் ஐந்து பேர், பத்மாவும் அதில். "மிஸ் வந்திட்டா!" என்று ஒரே ஆரவாரம். யாரோ கதிரை இழுத்துப் போட்டார்கள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. முப்பது வருடம் என்று சொன்ன புளுகைக்கூட விடவில்லை.

மூதூர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல, "உம்மா அந்த விரிப்புலதான் கடைசிமட்டும் தொழுதா" என்றார்.

பத்மா கேட்டார். "மாட்டுக் கொழுப்பும் இருந்திருக்குமோ மிஸ்?"

"இருந்திருக்கலாம்."

"சாமியறையில விரிச்சு வைச்சிருக்கிறன்." தன் கையிலிருந்த நுரையைப் பார்த்தார். பிறகு முகம் ஒரு மாதிரி ஆனது. "அவ கேட்டவா. அத்தின பேருக்கு முன்னால ஒருத்தியாக் கேட்டவா. நான் சிரிச்சனான். பேரும் நானே வைச்சனான்."

பத்மா வாளிக்குள் கையை அலம்பினார். ஏப்ரனைக் கழற்றினார். "வாங்கோடி" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். மற்றவர்களும் கையை அலம்பினார்கள். எங்கே போகிறார்கள் என்று எவரும் சொல்லவில்லை, கேட்கவும் தேவையில்லை. மேசையில் ஒரு பெரிய விரிப்பு, பாதி பிடித்தும் பிடிக்காமலும், நுரையோடு கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஒன்பது பேரும் வாசலுக்குப் போனார்கள். ஒருத்தி வீதிக்கு ஓடி ஓட்டோவை மறித்தாள். ஒன்று காணாதென்று இன்னொன்றையும் மறித்தார்கள்.

நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பத்மா ஓட்டோவில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். முகத்தில் கோபமில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னார்.

"மிஸ், நீங்கள் பூட்டிப்போட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டுப் போங்கோ."

பூட்டினேன். திறப்பைக் கொடுத்தேன். திருகோணமலை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. நடந்தேன்.